ஆழ்வாப்பிள்ளையின் இடக்கைக்கு நாலு வூஃபர்

தெல்லிப்பழையில் வந்து இறங்கி "மார்க்கண்டு வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஸ்பீக்கர் மார்க்கண்டு" என்று கேட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிச் சந்தியில் படுத்திருக்கிற மாடுகூட எழும்பி வழி காட்டும். அந்தப் பெயரை எனக்கு ஒருவரும் தானமாகத் தரவில்லை. நானே உழைத்து எடுத்தது.

படிப்பு நாலாம் வகுப்பு. அதையும் முடித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பருத்தித்துறைக்கு மேற்கே கடற்கரையில் பிறந்தவன் நான். எங்கள் ஆட்கள் தோணி கட்டுகிறவர்கள். அப்பு கலப்பத்துக்காரர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற நீக்கலில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி, கடல் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வராமல் அடைப்பதுதான் கலப்பத்து. அப்பு அடைத்த தோணியில் தண்ணீர் இறைக்கிற பட்டையே தேவையில்லை என்று கரை முழுக்கச் சொல்லுவார்கள். எனக்கும் அதே கைதான்.

1956இல் எங்கள் கோயில் திருவிழாவுக்கு முதன்முதலாகக் குழாய் ஸ்பீக்கர் வந்தது. ஊர்ச்சனம் நின்று பாட்டுக் கேட்டது. நான் மட்டும் அது கட்டியிருந்த பனையில் ஏறிக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்து நல்ல அடி போட்டார்கள். அடித்த அந்த மனிசனிடமே அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். வயர் சுற்றினேன், பற்றரி சுமந்தேன், ஈயம் உருக்கி ஒட்டப் பழகினேன். கரண்ட் அடித்து விழுந்ததும் உண்டு. புத்தகம் பார்த்துப் படித்தவனுக்கு மறந்துபோகலாம். கரண்ட் அடித்துப் படித்தவனுக்கு மறக்காது. பிறகு தெல்லிப்பழையில் எனக்கென்று ஒரு கடை போட்டேன். அம்பிளிபயர் நானே கட்டினேன். வலிகாமத்தில் என்னுடைய குழாய் கட்டாத கோயில் இல்லை.

ஆனால் என் பெயர் நிலைத்தது குழாயால் அல்ல. 1975இல் செய்த இரண்டு பெட்டிகளால்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தவிலுக்கு ஆழ்வாப்பிள்ளை என்றால் ஆழ்வாப்பிள்ளைதான். தவிலின் வலது பக்கத்தை வலந்தலை என்பார்கள். விரல்களில் கூடு மாட்டி அடிப்பது. இடது பக்கம் தொப்பி. அது கழியால் அடிப்பது. வலந்தலை காதுக்கு வரும், தொப்பி வயிற்றுக்குள் இறங்கும். ஆழ்வாப்பிள்ளை தொப்பியில் போட்டால் கோயில் மதிலில் இருக்கிற காகம் பறக்கும். அப்படிப்பட்டவருக்கு வாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கால் தேறியது, வாய் தேறியது, கை தேறவில்லை.

ஒருநாள் பொழுதுபட முன்னம் ஒரு ஒலிநாடாச் சுருளை வேட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மார்க்கண்டு, உந்த மெசினிலை இந்த றீலை ஒருக்காப் போடு பாப்பம்."

போட்டேன். கோப்பாயில் ஒரு பெரிய வீட்டுக் கலியாணத்தில் ஆரோ பிடித்து வைத்த அவருடைய வாசிப்பு. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தவர் என்னைப் பார்த்து முறைத்தார்.

"எங்கை தொப்பி?"

"கேக்குதுதானே அண்ணை."

"என்னடாப்பா கேக்குது? வலந்தலை மட்டும் கிணுகிணெண்டுது. எனக்கு வந்த வாதம் உன்ரை பெட்டியளுக்கும் வந்திட்டுதோ? ஊரிலை உள்ள எல்லா மெசினிலையும் போட்டுப் பாத்திட்டன். ஒண்டுக்கும் இடக்கை இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் இருந்துகொண்டு என் பெட்டிக்கு வாதம் என்கிறார்! ஆனால் அவர் சொன்னது சரி. குழாயில் அந்த அடிச் சத்தம், கீழே இறங்குகிற கனத்த சத்தம், வரவே வராது. றேடியோப் பெட்டியிலும் வராது. ஏனென்றால் அந்தப் பெட்டிகளுக்குப் பின்பக்கம் திறப்பு. ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் பெட்டியின் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். வலந்தலைச் சத்தம் தப்பும், தொப்பி தப்பாது.

அவர் கதிரையில் சாய்ந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"வைகாசியிலை என்ரை பத்மாசினிக்குக் கலியாணம். எத்தினை பேற்றை பெட்டையளுக்கு நான் கெட்டிமேளம் அடிச்சிருப்பன்! என்ரை பெட்டையின்ரை தாலிக்கு வேறை ஒருத்தன் அடிக்க நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிக்கிறதோ? இந்த றீலிலை கெட்டிமேளம் கிடக்கு. அதுதான் அண்டைக்குக் கேக்கோணும். ஒற்றைக் கையாலை இல்லை, ரண்டு கையாலையும்."

"சம்பந்தி பகுதி சம்மதிச்சுதோ?"

மாப்பிள்ளையின் தகப்பன் சோமசேகரம் கோப்பாய்ப் பக்கத்தில் பெயர் பெற்ற நாதஸ்வரக்காரர். கூட்டிக்கொண்டு வரப்போவது தன்னுடைய சொந்தக் குழுவை.

"சோமசேகரம் சிரிச்சார். 'பெட்டி மேளத்துக்கோ சம்பந்தி தாலி கட்டிறது? சரி, உங்கடை ஆசை. ஆனால் எங்கடை ஆக்கள் கழியோடை ஆயத்தமா நிப்பினம். பெட்டி ஒருக்காக் கரகரத்தால் அடுத்த நொடி நாங்கள் அடிப்பம். தாலிக்கு அபசத்தம் கூடாது' எண்டார். அவர் சொல்லுறதும் ஞாயந்தானே."

"அண்ணை, நீங்கள் போய்ப் பந்தல் அலுவலைப் பாருங்கோ. இடக்கையை நான் கொண்டு வாறன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். என் வழக்கம் அதுதான். முதலில் வாய் போகும், பிறகு கை போய்ப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவருடைய வீட்டுக்கு றேடியோ திருத்தப் போனபோது, சீமையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்திருந்தேன். பின்பக்கம் முழுக்க அடைப்பு. வயர் போகிற துவாரத்தையும் மெழுகால் அடைத்திருந்தார்கள். ஆனால் சத்தம் நிலத்தில் இறங்கியது. அடைப்பதா? அந்த வேலையில் என்னை வெல்ல இந்தக் குடாநாட்டில் ஆர் இருக்கிறான்!

ஸ்பீக்கர் தேடி யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போனேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. புதுசு என்று ஒன்றைக் கண்ணால் காண முடியாது. செபநாயகத்தின் கடைதான் கதி. றேடியோவும் இசைத்தட்டு மெசினும் ஒன்றாக இருக்கிற றேடியோகிராம்கள் உடைந்து வந்தால் வாங்கிப் பிரித்து, பின்னறையில் குவித்து வைத்திருப்பான். அவனிடம் தியேட்டரில் இருந்து கழற்றிய பன்னிரண்டு அங்குல வூஃபர் இரண்டு இருந்தது. அடிச்சத்தத்துக்கென்றே செய்த பெரிய ஸ்பீக்கரைத்தான் வூஃபர் என்கிறோம். காந்தம் ஆட்டுக்கல் மாதிரி. முன்னால் இருக்கிற கடதாசிக் கூம்பை விரலால் அமர்த்திப் பார்த்தேன், பலகை போல் நின்றது. "இதுதான்டா சாமான்!" என்று தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேப்பம் பலகையில் பெட்டி அடித்து, நாலு பக்கமும் அடைத்து, வூஃபரைப் பூட்டி நாடாவைப் போட்டேன். மூக்கடைத்தவன் தேவாரம் பாடினது போல இருந்தது. தொப்பி இல்லை. இருந்ததைவிட மோசம்.

ஆழ்வாப்பிள்ளை வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் நல்ல காலம். வலக்கை விரலால் கூம்பை மெல்ல அமர்த்தினார்.

"ஏன் மார்க்கண்டு, இது இப்பிடி விறைச்சுக் கிடக்கு?"

"நல்ல பலமான சாமான் அண்ணை."

"தவிலிலை வாரை இழுத்து இறுக்கினால் சத்தம் மேலை ஏறும். கீழை இறங்கோணுமெண்டால் தளத்தோணும். நீ ஏற்கெனவே இறுகினதைக் கொண்டந்து இன்னும் இறுக்கி வைச்சிருக்கிறாய் போலை கிடக்கு."

அவர் தவிலைச் சொன்னார். எனக்குப் பெட்டி விளங்கியது. அடைத்த பெட்டிக்குள் இருக்கிற காற்றுக்குப் போக வழியில்லை. கூம்பு உள்ளே போனால் அது திருப்பித் தள்ளும், வெளியே வந்தால் திருப்பி இழுக்கும். அந்தக் காற்றே ஒரு வார்! கூம்பின் சொந்த விறைப்பு ஒன்று, காற்றின் விறைப்பு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் சத்தம் எப்படிக் கீழே இறங்கும்? மூடின பெட்டிக்கு வேண்டியது தளர்ந்த வூஃபர். கடையில் எல்லோரும் பழுது என்று ஒதுக்குகிற சாமான்.

அடுத்த நாளே அந்த இரண்டு வூஃபரையும் தூக்கிக்கொண்டு, ஆழ்வாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்ன மார்க்கண்டர், சிங்கத்தைத் திருப்பிக் கொண்டந்திட்டீரோ?" என்றான் செபநாயகம். "தியேட்டரிலை என்னமா உறுமினது தெரியுமோ?"

"கூட்டுக்குள்ளை போட்ட சிங்கம் உறுமாது செபநாயகம். உம்மடை கடையிலை தொளதொளத்துக் கிடக்கிறதெல்லாத்தையும் எடும்."

"எல்லாரும் வந்து நல்லதைக் கேப்பினம். உமக்கு மட்டும் பழுதே வேணும்?"

"நான் எல்லாரும் இல்லை."

பின்னறையில் சாக்கு விரித்து எட்டு அங்குல வூஃபர்களை வரிசையாகக் கவிழ்த்தான். றேடியோகிராம்களில் இருந்து கழற்றியவை. சிலவற்றின் கூம்பு விளிம்பு கடதாசி, சிலது சீலை, சிலது றப்பர். கடதாசி விளிம்பு எல்லாவற்றையும் முதலிலேயே தள்ளி வைத்தேன். அவை விறைத்தவை. மற்றதை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, கூம்பின் இரண்டு பக்கமும் விரலைப் பரப்பி, நேராக அமர்த்தினேன். நல்ல வூஃபர் மாவில் விரல் இறங்குகிறது போல இறங்க வேண்டும், விட்டதும் தன் இடத்துக்கு வர வேண்டும். இறங்கும்போது காதைக் கிட்டக் கொண்டு போனால் சில வூஃபர் உள்ளே உரசும். சுருள் கம்பி காந்தத்தில் முட்டுகிறது என்று அர்த்தம். அதுகளும் வெளியே. பிறகு ரோச் லைற் பற்றரியை வூஃபரின் வயரில் தொட்டுத் தொட்டு, கூம்பு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துச் சோக்கட்டியால் அடையாளம் போட்டேன். ஒரு பெட்டிக்கு இரண்டு வூஃபர். ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால் கதை முடிந்தது.

"இனி நான் பாக்கிறன்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

சாக்கில் குந்தி இருந்து, ஒரு வூஃபரை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். நகத்தால் கூம்பில் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முனகினார். அடுத்தது. ஒரு தட்டு, ஒரு முனகல்.

"இதுவும் அதுவும் ஒரு சுருதி. இது கொஞ்சம் ஏறிக் கிடக்கு, எடு அங்காலை."

செபநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, ஸ்பீக்கரோ வாங்கிறியள், கத்தரிக்காயோ?"

"கத்தரிக்காய்க்குச் சுருதி இல்லைத் தம்பி. நீ பேசாமல் பிடி."

அவர் தள்ளி வைத்த ஒன்றில் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. குவியலிலேயே பெரிய காந்தம். "அண்ணை, இது நல்ல சாமான்," என்றேன்.

"நல்ல சாமான்தான். ஆனால் இது வேறை வீட்டு மாப்பிள்ளை. மற்ற மூண்டோடையும் ஒத்துப் போகாது."

எனக்கும் நியாயம் தெரிந்தது. ஒரு பெட்டிக்குள் ஒன்று தளர்ந்தும் மற்றது இறுகியும் இருந்தால், இறுகினது தள்ளுகிற காற்று தளர்ந்ததைப் பிடித்து வெளியே தள்ளும். ஒரே சுருதியில் நாலு வேண்டும். மத்தியானம் திரும்பும்வரை இருந்து அந்த நாலையும் பொறுக்கினோம். வூஃபரைச் சுருதி பார்த்து வாங்கின ஆட்கள் உலகத்தில் வேறு எங்காவது இருந்தால் எனக்கு அறியத் தரட்டும்.

பெட்டி வேலையில் நான் அப்புவின் மகன் என்பதைக் காட்டினேன். தடித்த வேப்பம் பலகை. ஒவ்வொரு மூட்டிலும் பஞ்சுத் திரி இறக்கி உளியால் அடித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினேன். வூஃபரின் இரும்பு வளையத்தைச் சுற்றியும் அதே மாதிரி. கூம்பின் கடதாசியில் காற்றுக் கசியும் என்று அதற்கும் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு. உள்ளே இலவம் பஞ்சு, எங்கள் வீட்டுத் தலையணைகளில் இருந்து. வெளியே நல்ல கறுப்புத் தார்.

என் மனைவி பூரணம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பெட்டியோ செய்யிறியள்? இல்லாட்டி உதிலை ஏறி இராமேஸ்வரம் போகப் போறியளோ? தலாணியையும் ஏத்தியாச்சு."

வீட்டுக்குள் வைத்து நாடாவைப் போட்டதும் அவள் மூக்கைப் பொத்தின கையை எடுத்தாள். அடுக்களையில் தட்டுகள் குலுங்கின. தொப்பி! நிலத்தால் வந்து காலில் ஏறி வயிற்றில் உட்கார்ந்தது. ஓடிப்போய் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மனிசன் வர மறுத்துவிட்டார்.

"இல்லை மார்க்கண்டு. தாலி கட்டேக்கைதான் கேப்பன். முதலே கேட்டால் அது பழசாப் போயிடும். நீ சொன்னால் எனக்குக் காணும்."

என்னுடைய சொல்லை நம்பி மகளின் முகூர்த்தத்தை வைத்தார். எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டியதில்லை.

கலியாணத்தன்று விடியவே பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினேன். பந்தலுக்குள் சனமும் மணவறையும் மேளகாரருமாக இடமில்லை. பந்தலின் கிழக்கு ஓரத்தில், ஓலைக்கு வெளியே, இரண்டு பெட்டியையும் மணவறை பார்க்க வைத்தேன். வைகாசி வெயில் அவற்றின் முதுகில் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வயரைப் பார்த்தேன், அம்பிளிபயரைப் பார்த்தேன், நாடாவைச் சரியான இடத்தில் நிறுத்தினேன்.

கூறைச்சேலை கொடுத்து, பத்மாசினி உடுத்து வர உள்ளே போனாள். சோமசேகரத்தின் தவில்காரர் இரண்டு பேரும் தோளில் தவிலோடு எழும்பி நின்றார்கள். ஆழ்வாப்பிள்ளை மணவறைக்குப் பக்கத்தில் சால்வையால் இடக்கையை மூடிக்கொண்டு நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சும்மா ஒருக்கால் சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பார்ப்போம் என்று பெட்டிக்குக் கிட்டப் போய் நாடாவை ஓடவிட்டேன்.

கர்ர்ர்.

தகரத்தில் சிரட்டையால் சுரண்டுவது போல. உடனே நிறுத்தினேன். மற்றப் பெட்டியும் அப்படித்தான்.

சோமசேகரம் காது கூர்மையான மனிசன். அங்கிருந்தே கேட்டார். "என்ன மார்க்கண்டர், பெட்டிக்குத் தடிமன் பிடிச்சிட்டுதோ? எங்கடை பொடியள் அடிக்கட்டே?"

"பொறுங்கோ," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

குனிந்து பார்த்தேன். நாலு கூம்பும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன, பேத்தை மீன் வயிற்றை ஊதினது போல. உள்ளங்கையால் அமர்த்தினேன். திருப்பித் தள்ளியது. பெட்டியின் முதுகில் கை வைத்தேன். தோசைக்கல்! அப்போதுதான் விளங்கியது. கறுப்புத் தார் வெயிலைக் குடித்துவிட்டது. உள்ளே காற்றுச் சூடாகி வீங்கி வழி தேடிக் கூம்பைத் தள்ளுகிறது, அதோடு சுருள் கம்பியும் இடம் விலகி உரசுகிறது. வேறு ஒரு தச்சன் செய்த பெட்டி என்றால் எங்காவது ஒரு நீக்கல் இருக்கும், காற்று அதால் போய்விடும். இது என் பெட்டி. ஒரு மயிர் போக வழியில்லை. குறை வேலையால் வந்த கரைச்சல் அல்ல இது, வேலை அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்ததால் வந்தது.

பத்மாசினி கூறையோடு வந்து இருந்துவிட்டாள். ஐயர் தாலித் தட்டைச் சபைக்குள் கொடுத்துவிட்டார், சனம் தொட்டுக் கும்பிட்டுக் கொண்டிருந்தது.

பந்தலுக்கு வெள்ளைச் சீலை தைத்துக் கட்டின நீளச் சாக்கூசி பந்தல் காலில் குத்தி நின்றது. இழுத்து எடுத்தேன். பெட்டியின் பின் மூட்டில், நான் அடித்து இறக்கின பஞ்சுத் திரியின் நடுவில் அதன் நுனியை வைத்தேன். ஒன்று சொல்லுகிறேன், கலப்பத்துக்காரன் பிள்ளைக்கு அடைத்த மூட்டில் ஊசி வைக்கக் கை வராது. அப்பு கண்டிருந்தால் உளியாலேயே என் மண்டையில் போட்டிருப்பார். வெயிலில் குங்கிலியம் இளகியிருந்தது. ஒரே குத்து. உஸ்ஸென்று காற்று என் முகத்தில் அடித்தது, குங்கிலிய வாசத்தோடு. முன்னால் கூம்பு இரண்டும் மெல்ல மெல்ல உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றன. மற்றப் பெட்டிக்கும் ஒரு குத்து.

ஊசி ஓட்டையால் தொப்பிச் சத்தமும் போய்விடாதா என்று பிறகு ஒரு மாஸ்ரர் என்னைக் கேட்டார். போகாது. தொப்பி அடி சட்டென்று வந்து சட்டென்று போகிறது, அந்தச் சின்ன வழியால் நழுவ அதற்கு நேரமில்லை. வெயில் சூடு மெல்ல ஆறுதலாக வருகிறது, மெல்ல ஆறுதலாகப் போகிறது. அன்றைக்கு அந்தக் கணத்தில் இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று நினைக்க வேண்டாம். கை யோசித்தது.

தாலி மாப்பிள்ளையின் கைக்குப் போனது. ஐயர் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

சோமசேகரத்தின் ஆட்கள் கழியை ஓங்கினார்கள். நான் முந்திவிட்டேன்.

பந்தலே அதிர்ந்தது. வலந்தலை பொரிந்துகொண்டு வந்தது, அதற்குக் கீழே தொப்பி, கும் கும் என்று, கதிரைக் கால்களால் ஏறி, குத்துவிளக்குச் சுடரை நடுங்க வைத்துக்கொண்டு. ஓங்கின கழிகள் ஓங்கினபடி நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின. பத்மாசினி குனிந்த தலையை நிமிர்த்தித் தகப்பனைப் பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளை ஆரையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்றார். சால்வைக்குள் இருந்த கை அசையவில்லைத்தான், ஆனால் அந்தத் தோள் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கினதை நான் கண்டேன்.

தாலி ஏறியது. வாழ்த்தி எறிந்த அறுகரிசி தலையில் விழுந்தது. நாடா முடிந்தது.

"மார்க்கண்டு, இஞ்சை வா."

நல்ல வார்த்தை நாலு கேட்கப் போகிறேன் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"முடிக்கிற இடத்து அடியிலை, அந்தக் கடைசித் தீர்மானத்திலை, இடக்கை ஒரு பொட்டுப் பிந்துது. கேட்டனியோ?"

"எனக்குத் தெரியேல்லை அண்ணை."

"எனக்கும் இவ்வளவு காலமாத் தெரியாது. இப்பதான் கேக்குது. பாரன், என்ன பிழை விட்டிருக்கிறன்!" பிழையைக் கண்டுபிடித்தவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்தக் கலியாண வீட்டிலும் கண்டதில்லை. "திருப்பிப் போடு."

சோமசேகரம் கிட்ட வந்தார். "சம்பந்தி, பந்தி வைக்கோணும், சோறு ஆறுது."

"ஆறட்டும். நீர் இதிலை இரும், இருந்து கேளும். எவடத்திலை பிந்துதெண்டு நீரும் ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

சோமசேகரம் தன்னுடைய தவில்காரரையும் கையைக் காட்டிக் கூப்பிட்டு, பெட்டிக்கு முன்னால் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

நான் நாடாவைத் திருப்பினேன்.